போனில் பாட்டு டவுன்லோட்: எதற்குப் பணம் கட்டுகிறோம், எப்படிக் கட்டுவது, எப்படி நிறுத்துவது

போன வாரம் ஒரு மாலை நேரம். கீழ்வீட்டு அக்கா போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, காசு கட்டித்தான் பாட்டு இறக்கினேன். டவுன்லோட் ஆயிடுச்சுன்னு காட்டுது. ஊர்ல இருக்கிற தங்கச்சிக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பலாம்னு தேடுறேன், பாட்டையே காணோம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கேஸ் பில் இருந்தது, ஆதார் பிடிஎஃப் இருந்தது, மகனுடைய ஹால் டிக்கெட் இருந்தது. பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆப்பைத் திறந்தால் மட்டும் நாற்பத்து மூன்று பாட்டும் வரிசையாக நின்றன.

அக்காவை யாரும் ஏமாற்றவில்லை. கட்டிய பணத்துக்கு உரியது அவருக்குக் கிடைத்திருக்கிறது. அவர் வாங்கியதாக நினைத்தது ஒன்று, கையில் வந்தது வேறொன்று, அவ்வளவுதான். இதே கேள்வியோடு அலுவலகத்திலும் உறவிலும் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

போனில் பாட்டுக்கென்று நாம் கட்டும் பணம் மூன்று வகை. மூன்றையும் பேச்சில் "பாட்டுக்குக் காசு கட்டினேன்" என்றே சொல்கிறோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

முதல் வகை சந்தா. மாதத்துக்கோ ஆண்டுக்கோ பணம் கட்டினால் அந்த ஆப்பில் இருக்கும் பாட்டுகளை விளம்பரம் இல்லாமல் கேட்கலாம், நெட் இல்லாதபோது கேட்க இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், கானா எல்லாம் இந்த வகை. இதில் இறக்கும் பாட்டு பூட்டுப் போட்ட ஃபைலாக அந்த ஆப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வேறு ஆப்பில் ஓடாது, யாருக்கும் அனுப்ப முடியாது, சந்தா முடிந்தால் பாடாது. வாடகை வீடு மாதிரி. குடியிருக்கும் வரை வீடு நம்முடையது, ஆணி அடிப்பதற்கு மட்டும் ஓனரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டை ஃபைலாகவே விலைக்கு வாங்குவது. ஒருமுறை பணம் கட்டினால் ஃபைல் உங்களுடையது. பத்து வருஷம் கழித்தும் பாடும்.

மூன்றாவது காலர் ட்யூன். நம்மைக் கூப்பிடுகிறவர் காதில் ஒலிக்கும் பாட்டு. இதில் எதுவும் நம் போனில் இறங்குவதே இல்லை. ஆனாலும் நம் பேலன்ஸில் இருந்து பணம் போகலாம்.

பணம் கட்டும் பட்டனைத் தொடும் முன் இந்த மூன்றில் எது என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டால், பின்னால் வரும் தலைவலியில் பாதி குறைந்துவிடும்.

இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெமரி கார்டு காலத்தில் சென்னையில் பாட்டுக்குப் பணம் கட்டுவது என்றால் செல்போன் கடைக்குப் போவதுதான். "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் கார்டும் வாங்கலாம், பாட்டும் ஏற்றிக்கொள்ளலாம். கொடுத்த காசு கடைக்காரருக்குப் போனது. பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை.

முறையாக விற்றுப் பார்த்தவர்களும் உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃப்ளைட் என்ற பெயரில் பாட்டு விற்கும் கடையைத் திறந்து 2013 ஜூனில் மூடியது. திருட்டுப் பதிவிறக்கம் ஒரு காரணம். பத்துப் பதினைந்து ரூபாயைச் சுலபமாகக் கட்ட வழி இல்லாதது இன்னொரு காரணம். ஒரு பாட்டுக்காகக் கார்டு எண்ணை அடித்து, ஓடிபி வந்து, அது தோற்று, திரும்ப அடித்து என்று யாருக்குப் பொறுமை இருக்கும்? யூபிஐ வந்தது 2016-இல். இன்று டீக்கடையில் பத்து ரூபாயைக்கூட ஸ்கேன் செய்து கொடுக்கிறோம். சின்னத் தொகையைக் கட்டும் வழி வந்து சேர்ந்தபோது பாட்டை ஃபைலாக விற்கும் கடைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சந்தா எடுப்பது எப்படி

சந்தா எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்கெனவே எதற்காவது கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூடியூப் பிரீமியம் வைத்திருப்பவருக்கு யூடியூப் மியூசிக் அதிலேயே சேர்ந்து வரும். அது தெரியாமல் இன்னொரு ஆப்புக்கும் மாதாமாதம் கட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ரீசார்ஜ் திட்டத்தோடு ஏதாவது மியூசிக் ஆப் சேர்ந்து வருகிறதா என்பதையும் ஆபரேட்டரின் ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்கும் பாட்டு அந்த ஆப்பில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே தேடிப் பாருங்கள். புதுப் படப் பாட்டு எல்லாவற்றிலும் கிடைக்கும். பழைய கச்சேரிப் பதிவு, நாட்டுப்புறப் பாட்டு, சென்னைக் கானாப் பாட்டு, பக்திப் பாடல் என்று போனால் ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம் இருக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பத்துப் பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டு இலவசக் கணக்கில் தேடுங்கள். ஏழெட்டாவது கிடைக்காவிட்டால் அந்த ஆப் உங்களுக்கு வேண்டாம்.

விலையை நான் இங்கே எழுதவில்லை, அடிக்கடி மாறுகிறது. திரையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு சில. ஒன்று, அந்தத் திட்டத்தில் டவுன்லோட் உண்டா? விலை குறைந்த திட்டங்கள் சிலவற்றில் விளம்பரம் இருக்காது, ஆனால் இறக்கி வைக்கும் வசதியும் இருக்காது. ரயிலில் கேட்பதற்காகவே சந்தா எடுப்பவருக்கு அதனால் பயன் இல்லை. இன்னொன்று, எத்தனை பேருக்கு? வீட்டில் நான்கு பேர் தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குடும்பத் திட்டம் மலிவு. ஆப்பிள் மியூசிக்கிலும் யூடியூப்பிலும் எடுத்தவரையும் சேர்த்து 6 பேர் வரை இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாணவர் திட்டம் தனியாக உண்டு.

ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா? முதல் தடவை என்றால் மாதம்தான். எனக்குத் தெரிந்த ஒரு மாமி மார்கழிக்கு மட்டும் ஒரு மாதம் எடுப்பார். டிசம்பர் சீசனில் கச்சேரிக்குப் போகும் முன் அன்றைக்குப் பாடப்போகிறவரின் பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டுத்தான் மயிலாப்பூர் கிளம்புவார். தை பிறந்ததும் நிறுத்திவிடுவார். அவருக்கு ஆண்டுச் சந்தா வீண்.

பணம் கட்டியாயிற்று. இனி இறக்க வேண்டும். ஆப்பின் செட்டிங்ஸில் டவுன்லோட் என்ற இடத்துக்குப் போய், வைஃபையில் மட்டும் இறக்கு என்பதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் அன்றைய டேட்டா ஒரே உட்காரலில் தீர்ந்துவிடும். பிறகு தரத்தைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு எளிது: 5 நிமிஷப் பாட்டு 320 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 12 எம்பி, 128-இல் சுமார் 5 எம்பி. அதாவது உயர்ந்த தரத்தில் நூறு பாட்டுக்கு ஒன்றேகால் ஜிபி வரை போகும். மின்ரயில் சத்தத்தில் சாதாரண இயர்போனில் கேட்கும்போது நடுத்தரமே போதும். வீட்டில் நல்ல ஹெட்போனில் வீணையோ வயலினோ கேட்பவர் உயர்ந்த தரத்தை வையுங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். போனில் மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் சேமிக்கும் இடத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இறக்கிய பிறகு ஒரு சோதனை அவசியம். வீட்டிலேயே போனை ஃப்ளைட் மோடில் போட்டு நான்கைந்து பாட்டைத் தட்டிப் பாருங்கள். பாடினால் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் தாம்பரத்தில் ஏறி, கிண்டி தாண்டியதும் பாட்டு சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்து எரிச்சலானவர்கள் உண்டு. சுரங்கத்தில் ஓடும் மெட்ரோவிலும் இதே கதைதான்.

30 நாள் விதியையும் நினைவில் வையுங்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டிலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைய வேண்டும். சந்தா இன்னும் இருக்கிறதா என்று ஆப் அப்போதுதான் சரிபார்க்கும். இணையாவிட்டால் இறக்கிய பாட்டு பாடாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு சாதனத்துக்கு 10,000 பாட்டு, மொத்தம் 5 சாதனம் என்ற வரம்பும் உண்டு, ஆனால் அந்த வரம்பை நம்மில் யாரும் தொடப்போவதில்லை.

வாடகை வீட்டில் வேறு சங்கடங்களும் உண்டு. ஆப்புக்கும் இசை நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தால் பாட்டு மறையும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இருந்து போனபோது பலருடைய பட்டியல்கள் ஓட்டையாகின. சில நேரம் ஆப்பே மூடப்படும். கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் நின்றது. ஏர்டெலின் விங்க் மியூசிக்கை மூடுவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. ஆகவே பட்டியலைப் பாட்டுப் பெயர், பாடியவர் பெயரோடு எங்காவது எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால்கூடப் போதும்.

ஆட்டோபே: இங்கே நிதானம் வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சந்தாவுக்கு யூபிஐயில் பணம் கட்டும்போது பெரும்பாலும் நீங்கள் ஒருமுறை பணம் அனுப்புவதில்லை. இனி மாதாமாதம் எடுத்துக்கொள் என்று வங்கிக்கு அனுமதி எழுதிக் கொடுக்கிறீர்கள். மேண்டேட் என்பது அதுதான். யூபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது. வசதியானதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தத் திரையை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆப்பில் "இன்று ரூ.1 மட்டும்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. தொட்டதும் யூபிஐ ஆப் திறந்தது. பின் நம்பர் கேட்கும் இடத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் நான்கு சின்ன வரிகள். நிறுவனத்தின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சத் தொகை, முடியும் தேதி. அதிகபட்சத் தொகை இருந்த இடத்தில் நான்கு இலக்கம். முடியும் தேதி பல வருஷம் தள்ளி. நான் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பின் நம்பரை அடித்தேன். சோதனைக் காலம் முடிந்ததும் ஆண்டுச் சந்தா மொத்தமாகப் போயிற்று.

ஆகவே பின் நம்பர் அடிக்கும் முன் இந்த நான்கையும் வாய்விட்டுப் படியுங்கள்: யார் எடுக்கிறார், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு வரை, எப்போது வரை. அதிகபட்சத் தொகை என்பது ஒவ்வொரு முறையும் எடுக்கும் தொகை அல்ல, அதுவரை எடுக்கலாம் என்ற எல்லை. அப்படியிருந்தாலும் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சந்தாவுக்கு எல்லை ஆயிரக்கணக்கில் இருந்தால் திட்டத்தை மறுபடியும் பாருங்கள். மாதத்துக்குப் பதில் ஆண்டுத் திட்டத்தைத் தொட்டிருக்கலாம்.

நமக்குப் பாதுகாப்பாக ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. கார்டோ யூபிஐயோ எதுவானாலும் தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். இத்தனை ரூபாய், இந்தத் தேதியில், இன்னாருக்கு என்று குறுஞ்செய்தி வரும். விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அது புதைந்துபோகும், தள்ளிவிடாதீர்கள். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின் நம்பரோ கேட்காது. பாட்டுச் சந்தா எல்லாம் அந்த வரம்புக்குள்தான். அந்தக் குறுஞ்செய்தி வரும் நாள்தான் நிறுத்துவதற்கு உங்களுக்கு இருக்கும் கடைசி நல்ல வாய்ப்பு.

ஆட்டோபே வேண்டவே வேண்டாம் என்பவருக்கு வழி உண்டு. யூடியூப்பில் ப்ரீபெய்ட் திட்டம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் கட்டினால் ஒரு மாதம், அத்தோடு சரி. தானாகப் புதுப்பிக்காது. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளே கிஃப்ட் கோட் வாங்கி அந்த இருப்பில் இருந்தும் கட்டலாம். கார்டோ யூபிஐயோ அந்தக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தால் இருப்பு தீர்ந்ததும் சந்தா தானாக நின்றுவிடும். பிள்ளைகள் போனுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி நிறுத்தும் முறை. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. போனையே மாற்றினாலும் நிற்காது, அனுமதி உங்கள் வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும்.

முதல் இடம், சந்தா எடுத்த இடம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அந்த ஆப், கேன்சல். ஐபோனில் செட்டிங்ஸ் போய் மேலே உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ். நேரடியாக அந்த நிறுவனத்தின் தளத்தில் கட்டியிருந்தால் அங்கே கணக்குப் பக்கத்துக்குள் போக வேண்டும்.

இரண்டாவது இடம், யூபிஐ ஆப். ஜிபேயோ போன்பேயோ பேடிஎம்மோ, எதில் அனுமதி கொடுத்தீர்களோ அதில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்று ஒரு பிரிவு இருக்கும். உள்ளே எல்லா மேண்டேட்டும் பட்டியலாக இருக்கும். வேண்டாததைத் திறந்து கேன்சல் கொடுத்துப் பின் நம்பரை அடிக்க வேண்டும். பணம் எடுப்பதை நிறுத்தவும் பின் நம்பர் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது சரியானதுதான். இந்தப் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். கீழ்வீட்டு அக்காவின் பட்டியலில் அவர் மறந்தே போன இரண்டு இருந்தன.

சந்தாவை நடுவில் நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும் வரை பெரும்பாலும் கேட்கலாம். இலவசச் சோதனைக் காலம் மட்டும் விதிவிலக்கு. ஆப்பிள் மியூசிக் போன்ற சிலவற்றில் சோதனையை நிறுத்திய நொடியே பாட்டு நின்றுவிடும். காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தும்படி காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தவே முடியாதபடி பட்டனை ஒளித்து வைக்கும் ஆப்களும் இருக்கின்றன. இதைச் சந்தாப் பொறி என்று பெயரிட்டே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

பாட்டை ஃபைலாக வாங்க

கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவருக்கு வழி குறைவு, ஆனால் இருக்கிறது.

ஐபோன் வைத்திருப்பவருக்கு ஐட்யூன்ஸ் ஸ்டோர் என்ற ஆப் உண்டு. 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. தமிழ்ப் படப் பாட்டுகளைத் தனித்தனியாகவோ ஆல்பமாகவோ வாங்கலாம். ஆப்பிள் கணக்கில் யூபிஐயைச் சேர்த்துக்கொண்டால் போதும். வாங்கும் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைல். பூட்டு கிடையாது. ஆப்பிள் 2009-லேயே அதை எடுத்துவிட்டது. கணினியில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் காரில் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள், ஆப்பிள் மியூசிக் சந்தா வேறு, ஐட்யூன்ஸில் வாங்குவது வேறு. சந்தா முடிந்தாலும் வாங்கிய பாட்டு உங்களிடமே இருக்கும்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் சொந்தக் கடை போய்விட்டது. ஆனால் எந்தப் போனிலும் ப்ரவுசர் வழியாக வாங்க பேண்ட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. 2008-இல் தொடங்கியது. படப் பாட்டைத் தேடி அங்கே போகாதீர்கள். சொந்தமாகப் பாட்டுப் போடும் இளைஞர்கள், இசைக்குழுக்கள், தனி ஆல்பம் செய்கிறவர்கள் அங்கே கடை போட்டிருப்பார்கள். சென்னையில் ஒரு சின்ன மேடையில் யாராவது பாடிக் கேட்டு மனசைத் தொட்டிருந்தால் அவர் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். விற்கும் தொகையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், அது போகக் கார்டுக் கட்டணம், மீதி கலைஞருக்கு. பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கும். சில ஆல்பங்களுக்கு விலையை நீங்களே எழுதலாம். அப்படிப்பட்ட இடத்தில் கலைஞருக்கு ஒரு நல்ல காபி விலையையாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே கட்டுவதற்குக் கார்டு வேண்டும். பல டெபிட் கார்டுகள் வெளிநாட்டுத் தளத்தில் முதல் தடவை வேலை செய்யாது. கார்டில் கோளாறு இல்லை. 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் கார்டு கட்டுப்பாடு என்ற இடத்துக்குப் போய் இன்டர்நேஷனல், ஆன்லைன் இரண்டையும் திறந்து, வரம்பை ஆயிரம் ரூபாய் மாதிரி சிறிதாக வைத்துப் பணம் கட்டிவிட்டு, உடனே மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போகலாம், அதனால்தான் மூடச் சொல்கிறேன். விலை டாலரில் இருந்தால் வங்கி மாற்றுக் கட்டணமும், அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

கட்டியதும் எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும். போனுக்கு எம்பி3 320 போதும். ஃப்ளாக் என்பது தரம் குறையாத வடிவம், ஐந்து நிமிஷப் பாட்டு சுமார் 30 எம்பி பிடிக்கும். என் பழக்கம், ஃப்ளாக்கை இறக்கிக் கணினியில் வைத்துவிட்டு எம்பி3-ஐப் போனில் வைப்பது. ஆல்பம் ஜிப் ஃபைலாக வரும். ஃபைல்ஸ் ஆப்பில் அதைத் தொட்டுப் பிரித்து, மியூசிக் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். விஎல்சி மாதிரி எந்த பிளேயரிலும் ஓடும். சொந்த ஃபைலுக்குக் காவல் நாம்தான். போன் தண்ணீரில் விழுந்தால் பாட்டும் போகும். பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று இரண்டு பிரதி வையுங்கள். வாங்கிய ரசீது வரும் மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

"இலவசமா கிடைக்கிறதை ஏன் காசு கொடுத்து வாங்கணும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, படப் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது ராயல்டியில் பங்கு உண்டு என்றும், அந்த உரிமையை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றும் வந்தது. அதற்கு முன் ஒருமுறை சம்பளம் வாங்கினால் அத்தோடு சரி என்பதே வழக்கம். முறையான இடத்தில் நீங்கள் கேட்டால்தான் அந்தப் பங்கு அவர்களைப் போய்ச் சேர வழி இருக்கிறது.

காலர் ட்யூன்: கேட்காத பாட்டுக்குப் பணம்

அப்பாவிடம் பட்டன் போன் இருந்த காலம். மூலைக் கடையில் ரீசார்ஜ் செய்து வருவார், பத்து நாளில் பேலன்ஸ் குறைந்திருக்கும். "நான் யாருக்குமே பேசலையேப்பா" என்பார். மூன்று மாதம் கழித்துச் சித்தப்பா ஒரு நாள், "உங்க போன்ல முருகன் பாட்டு நல்லா இருக்குண்ணா" என்றார். அப்போதுதான் விளங்கியது. யாருடைய காலர் ட்யூனையோ கேட்டுக்கொண்டிருந்தபோது "இந்தப் பாட்டு பிடித்திருந்தால் ஸ்டாரை அழுத்தவும்" என்ற குரல் வந்திருக்கிறது, அப்பா அழுத்தியிருக்கிறார். மாதம் 30 ரூபாய். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கேட்ட அந்தப் பாட்டை அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளை இறுக்கியது. இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும். இப்போது பல ரீசார்ஜ் திட்டங்களில் காலர் ட்யூன் இலவசம். ஆனாலும் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் போனைச் சரிபார்த்துவிடுங்கள். 155223 என்ற எண்ணுக்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் விவரம் வரும், நிறுத்தவும் அதிலேயே வழி சொல்வார்கள். அந்த எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கேட்காத சேவைக்குப் பணம் போயிருந்தால் அன்றைக்கே ஆபரேட்டரின் புகார் எண்ணான 198-இல் புகார் கொடுத்துப் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நாளாக ஆகத் திரும்ப வாங்குவது சிரமம்.

பணம் போனது, சந்தா வரவில்லை

பதறி இன்னொரு தடவை கட்டாதீர்கள். யூபிஐ ஆப்பின் ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் இருந்து போய், விற்பவருக்குச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி வைத்த விதி. பணம் விற்பவருக்குப் போய்ச் சேர்ந்தும் சந்தா தொடங்கவில்லை என்றால், நீங்கள் பணம் கட்டியது ஒரு மின்னஞ்சலில், உள்ளே நுழைந்திருப்பது இன்னொன்றில் என்று இருக்கலாம். பெரும்பாலும் இதுதான் காரணம். மாற்றி நுழைந்து பாருங்கள்.

போலிகளும் உண்டு. பிரீமியம் ஆப்பை இலவசமாகத் தருகிறேன் என்று வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ வரும் ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் ஃபைலை, திறக்கவே கூடாது. அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை எடுத்துவிடும். "ரீஃபண்ட் தருகிறோம், பின் நம்பர் அடியுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிடுங்கள், பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் போன பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். தங்கைக்கு அனுப்ப நினைத்தது ஒரே ஒரு தாலாட்டு. அந்தப் பாட்டின் மேல் இருந்த மூன்று புள்ளியைத் தொட்டு, ஷேர் கொடுத்து, லிங்க்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னேன். தங்கையிடம் சந்தா இல்லை, இலவசக் கணக்கில் விளம்பரத்தோடு கேட்டுக்கொள்ளலாம், அதற்கும் உரியவர்களுக்குப் பணம் போகும். மறந்துபோன இரண்டு மேண்டேட்டையும் அங்கேயே உட்கார்ந்து நிறுத்தினோம். படியிறங்கும் முன் பதில் வந்துவிட்டது. தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டும் வீடியோ, பின்னால் அந்தத் தாலாட்டு.